தடவிப் பார்க்கும் நுண்ணோக்கி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடு" என்றார். சாம்பார் வாசனை இங்கேயே வருகிறது. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

மூன்றாம் செமஸ்டரில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஒரு முனை சுவரில் பதிந்திருக்கும் சட்டம். மறு முனையில் ஒரு பாரம். எவ்வளவு வளையும்? கான்டிலீவர் கணக்கு. பாரம் பெருக்கல் நீளத்தின் மும்மடி, வகுத்தல் 3 ஈ ஐ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்தச் சூத்திரத்தைப் பால்கனிக்கும் கிரேனுக்கும் தவிர வேறெதற்கும் உபயோகப்படுத்துவார்கள் என்று நான் நினைத்ததில்லை. அதே சூத்திரத்தை வைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளின் மேற்பரப்பை அணுக்கணக்கில் தடவிப் பார்க்கும் ஒரு கருவியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்தக் கருவியை நம்பி நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்லப் போகிறேன். மாணவர்களுக்கு முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் உபயோகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்ணால் அல்ல, விரலால்

நம் ஊரில் துணிக்கடைக்குப் போனால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணால் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் இரண்டு விரலால் துணியைத் தடவுவார்கள். வழவழப்பா, சொரசொரப்பா, கஞ்சி போட்டதா, பிசுபிசுப்பா என்று விரல் சொல்லிவிடும். ஒர்க் ஷாப்பில் ஃபைலிங் போட்ட இரும்புத் துண்டை இன்ஸ்ட்ரக்டர் கட்டை விரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இன்னும் போடு" என்று திருப்பிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? அதுவும் இதே முறைதான்.

சாதாரண நுண்ணோக்கி வெளிச்சத்தை நம்பி வேலை செய்கிறது. வெளிச்சத்தின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் பாதிக்கும் குறைவான நுணுக்கத்தை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த எல்லையைத் தாண்டியது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் வெற்றிடம் வேண்டும். மின்சாரம் கடத்தாத பொருளுக்குப் பெரும்பாலும் உலோகப் பூச்சும் வேண்டும். அதோடு, அது காட்டுவது தோற்றத்தை. 'இந்த இடம் மெத்தென்று இருக்கிறதா, அந்த இடம் ஒட்டுகிறதா' என்று கேட்டால் அதனிடம் நேரடியான பதில் இல்லை. அதற்கு விரல் வேண்டும்.

அந்த விரலைச் செய்தவர்கள் சுவிட்சர்லாந்தில் சூரிக் பக்கத்து ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள். முதலில் 1981-ல் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிச் ரோரரும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பை உருவாக்கினார்கள். கூரிய உலோக ஊசிக்கும் பரப்புக்கும் இடையே, ஒன்றை ஒன்று தொடாமலேயே பாயும் மிகச் சிறு மின்னோட்டத்தை அளந்து, பரப்பின் மேடு பள்ளத்தை வரையும் கருவி அது. 1983-ல் சிலிக்கான் பரப்பின் அணு அமைப்பை அதில் கண்டார்கள். 1986-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசின் மறு பாதி, எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கிய எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு.

ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு குறை. பொருள் மின்சாரம் கடத்தவேண்டும். பிளாஸ்டிக், பீங்கான், பெயிண்ட், ரப்பர் எதுவும் ஆகாது. பரிசு வாங்கிய அதே 1986-ல் பின்னிக், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் கால்வின் குவேட், ஐ.பி.எம்.-மின் கிறிஸ்டோப் கெர்பர் மூவரும் வேறொரு வழி சொன்னார்கள். மின்னோட்டத்தை விட்டுவிடுவோம், ஊசிக்கும் பரப்புக்கும் இடையே உள்ள விசையை அளப்போம். விசை இல்லாத பொருள் ஏது? இதுதான் அணுவிசை நுண்ணோக்கி. ஸ்கேனிங் ஃபோர்ஸ் மைக்ராஸ்கோப் என்றும் ஏ.எஃப்.எம். என்றும் சொல்வார்கள். முதல் கருவியில் மெல்லிய தங்கத் தகட்டுப் பட்டையின் நுனியில் ஒரு வைரத் துணுக்கை ஒட்டியிருந்தார்கள். 2016-ல் இந்த மூவருக்கும் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு வழங்கப்பட்டது.

மூன்றாம் செமஸ்டர் கணக்கு

இப்போது கருவிக்குள் போவோம். சிலிக்கானில் செதுக்கிய ஒரு குட்டிச் சட்டம். நீளம் 125 மைக்ரான், அகலம் 30 மைக்ரான், தடிப்பு 4 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கீழ்நோக்கி ஒரு ஊசி. அதன் முனை ஆரம் சுமார் 10 நானோமீட்டர். தம்பிகளே, அந்தச் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். சிலிக்கானின் மீள்குணகம் 169 கிகா பாஸ்கல். விறைப்பு மீட்டருக்குச் சுமார் 40 நியூட்டன் என்று வரும். பெட்டியின் மேலும் ஏறக்குறைய அதுதான் அச்சடித்திருக்கும். முதன்முறை அந்தக் கணக்கு சரியாக வந்தபோது, நம் சாரிடம் ஓடிவந்து காட்டவேண்டும்போல எனக்கு இருந்தது.

மென்மையான வேலைக்கு இன்னும் மெல்லிய சட்டம் உண்டு; மீட்டருக்கு 0.2 நியூட்டன். அது ஒரு நானோமீட்டர் வளைந்தால் விசை 0.2 நானோநியூட்டன். ஒரு கொசுவின் எடையை ஒரு லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு.

இந்த வளைவை எப்படி அளப்பது? 1988-ல் மேயர், ஆமெர் என்ற இருவர் சொன்ன வழி எளிமையானது. சட்டத்தின் முதுகில் லேசர் ஒளியை விழச்செய்து, திரும்பி வரும் ஒளிப்புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பார். சின்ன வயதில் வகுப்பறையில் கைக்கடிகாரக் கண்ணாடியால் வெயிலைக் கரும்பலகையில் ஆடவிட்டு உதை வாங்கியிருப்போமே, அதேதான். சட்டம் 0.1 மில்லிமீட்டர், ஒளியை வாங்கும் தட்டு 4 சென்டிமீட்டர் தூரத்தில் என்றால், வளைவு சுமார் 1,200 மடங்கு பெரிதாகித் தெரியும். பரப்பை ஊசிக்கடியில் நகர்த்துவது பீசோ பீங்கான். மின்னழுத்தம் கொடுத்தால் துளித்துளியாக நீளும், சுருங்கும். உழவன் சால் ஓட்டுவதுபோல் வரிவரியாக ஓட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் உயரத்தைக் குறித்துக்கொண்டே போனால் படம் தயார்.

உயரம் மட்டுமா?

உயரத்தோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல சொரசொரப்பு மானி, அவ்வளவுதான். இதன் உண்மையான பலம், அந்தந்த இடத்தின் குணத்தை அந்தந்த இடத்திலேயே கேட்க முடிவது.

ஊசியை ஒரே புள்ளியில் மெல்ல இறக்கி, அழுத்தி, மறுபடி தூக்குங்கள். தூரத்தில் இருக்கும்போது விசை இல்லை. சில நானோமீட்டர் நெருங்கியதும் ஊசி 'டக்'கென்று பரப்பின்மேல் தாவும். அது மூலக்கூறுகளின் ஈர்ப்பு. அழுத்தும்போது கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, அந்த இடம் அவ்வளவு விறைப்பு. தூக்கும்போது ஊசி உடனே வராது. ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்து, பிறகு விடுபடும். அந்த விடுபடும் விசைதான் ஒட்டுத்தன்மை. 256-க்கு 256 புள்ளிகளில் இதைச் செய்தால் 65,536 வரைபடங்கள். ஒட்டும் இடம், ஒட்டாத இடம், மெத்தென்ற இடம், கடினமான இடம் என்று தனித்தனித் தேசப்படங்களே வரைந்துவிடலாம்.

ஊசியைப் பக்கவாட்டில் இழுத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அது உராய்வு. 1987-ல் கிராஃபைட் மீது ஒரு டங்ஸ்டன் ஊசியை இழுத்தபோது, அணு அடுக்கின் இடைவெளிக்கு ஏற்ப உராய்வு ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அதே ஆண்டு, இலங்கைப் பூர்வீகம் கொண்ட குமார் விக்ரமசிங்கவும் அவரது ஐ.பி.எம். சகாக்களும் காந்த ஊசியைப் பொருத்திக் காந்தப் பரப்பைப் படமெடுத்தார்கள். 1991-ல் மேற்பரப்பின் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும் முறையும் அவர் குழுவிடமிருந்தே வந்தது. 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாய்க் கிரகத்திற்கே இந்தக் கருவியைக் கொண்டுபோய் அங்குள்ள தூசியைத் தடவிப் பார்த்தது. 2009-ல் பென்டசீன் என்ற ஒரே ஒரு மூலக்கூறின் ஐந்து வளையங்களையும் படத்தில் பார்த்தார்கள்; புத்தகத்தில் நாம் வரையும் அறுகோணங்கள் அப்படியே தெரிந்தன.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். விசை சிறியதுதான், ஆனால் முனையும் சிறியது. 10 நானோநியூட்டன் விசை 5 நானோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் விழுந்தால், அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். மென்மையான பிளாஸ்டிக் தாங்காது, கீறிவிடும். அதற்காகத்தான் 1993-ல் தட்டிப் பார்க்கும் முறை வந்தது. சட்டத்தை வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை அதிரவிட்டு, தேய்க்காமல் தட்டித் தட்டிப் போவது. மாம்பழமோ தர்பூசணியோ தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதுபோல.

என் கதை

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது பாலிப்ரொபிலீன் ஃபிலிம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் பிராசஸ் இன்ஜினீயர். பிஸ்கட், சிப்ஸ் பொட்டலத்தில் இருக்கிறதே, அந்த ஃபிலிம்தான். இந்தப் பிளாஸ்டிக்கில் மை சுலபத்தில் ஒட்டாது. அதனால் ரோலில் சுற்றுவதற்கு முன்னால், உயர்மின்னழுத்தத்தில் காற்றைப் பொறியவிட்டு ஃபிலிமை அதன் கீழ் ஓட்டுவார்கள். கரோனா ட்ரீட்மென்ட் என்று பெயர். ஓசோன் வாடை மூக்கைத் துளைக்கும். மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்து மையைப் பிடித்துக்கொள்ளும். ட்ரீட் செய்யாத ஃபிலிமின் மேற்பரப்பு ஆற்றல் சென்டிமீட்டருக்குச் சுமார் 30 டைன். அச்சுக்கு 38-ஆவது வேண்டும் என்பது வழக்கம். டைன் பேனா என்று ஒன்று உண்டு. கோடு இழுத்து, கோடு உடையாமல் நின்றால் பாஸ்.

2018-ல் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார். செலோ டேப்பை ஒட்டி இழுத்தால் மை கூடவே வந்துவிடுகிறது. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். கரோனாவின் மின்சக்தியைக் கூட்டச் சொன்னேன். டைன் 44 காட்டியது. எனக்குத் திருப்தி. ஆனால் புகார் குறையவில்லை, கூடியது.

அந்த லைனில் இருபது வருஷமாக வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒருநாள், "சார், பவர் கூட வெச்சதுலேர்ந்து மேல என்னமோ பூத்த மாதிரி இருக்கு. ஈரத்துணியால தொடச்சுக் காயவெச்சு மை போட்டா நல்லாப் புடிக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். "ஈரம் பட்டா இன்னும் மோசமாத்தானேண்ணே ஆகும்?" என்றேன். டைன் 44 காட்டுகிறதே, மேலே ஏதாவது இருந்தால் 44 எப்படிக் காட்டும் என்பது என் வாதம். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

ஃபிலிம் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வகத்திற்குப் போனேன். அங்கே ஏ.எஃப்.எம். இருந்தது. அங்கிருந்த ஆராய்ச்சி மாணவி எனக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வேறு வேலையாகப் போய்விட்டார். நானே ஓட்டினேன். திரையில் வரிவரியாகப் படம் ஏறியது. ஃபிலிம் முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள்! கூர்மையான விளிம்பு, பளிச்சென்ற படம். படிகத் தூசி என்று உடனே முடிவு கட்டினேன். ரோலரைத் துடைக்காததால்தான் தூசி ஃபிலிமில் ஏறியிருக்கிறது, தூசியின் மேல் மை எப்படி நிற்கும்? அன்றிரவே அறிக்கை எழுதி, படத்தை முதல் பக்கத்தில் போட்டு அனுப்பிவிட்டேன். அணுவிசை நுண்ணோக்கிப் படம் என்றால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? மறுநாள் காலை, ரோலரைச் சுத்தம் செய்யாததற்கு விளக்கம் கேட்டு அந்த அண்ணனுக்கு மெமோ போனது.

அதற்கடுத்த நாள் மறுபடி ஆய்வகம் போனேன். மாணவி படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சார், இத்தனை தூசியும் ஒரே சைஸ்ல, ஒரே பக்கம் திரும்பியா உக்காரும்?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் ஃபிலிமைக் கழற்றி, 90 பாகை திருப்பி வைத்து மறுபடி ஓட்டினார். ஃபிலிமைத் திருப்பினால் அதிலுள்ள தூசியும் திரும்பவேண்டும் அல்லவா? முக்கோணங்கள் திரும்பவில்லை. அதே திசையில் நின்றன. அதாவது, அந்த முக்கோணம் ஃபிலிமில் இல்லை. என் ஊசியின் முனை எங்கேயோ இடித்து உடைந்திருந்தது. பரப்பிலுள்ள ஒவ்வொரு சிறு புடைப்பும் உடைந்த ஊசியை அடியிலிருந்து தடவி, ஊசியின் வடிவத்தைத்தான் வரைந்து காட்டியிருக்கிறது. நான் ஃபிலிமைப் பார்க்கவில்லை. என் ஊசியைப் பார்த்துவிட்டு ஒரு மனிதருக்கு மெமோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

புது ஊசி மாட்டினோம். இப்போது தெரிந்தவை உருண்டையான புடைப்புகள். சில நூறு நானோமீட்டர் அகலம், பத்திருபது நானோமீட்டர் உயரம். ட்ரீட் செய்யாத ஃபிலிமைப் பார்த்தோம். அதில் நார் வலைபோன்ற அமைப்புதான் இருந்தது, புடைப்பு இல்லை. பழைய, குறைந்த சக்தியில் ஓட்டிய ஃபிலிமில் அங்கொன்றும் இங்கொன்றும். அதிகச் சக்தி ஃபிலிமில் நிறைய. பிறகு, அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, அதிகச் சக்தி ஃபிலிமைக் காய்ச்சி வடித்த நீரில் அலசிக் காயவைத்துப் பார்த்தோம். புடைப்புகளைக் காணோம்.

விஷயம் இதுதான். கரோனா அளவுக்கு மீறினால் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்துபோகும். ஆக்சிஜன் ஏறிய அந்தச் சிறு துண்டுகள் தண்ணீரில் கரையக்கூடியவை. மேற்பரப்பில் திரண்டு துளிகளாக நிற்கும். டைன் பேனாவின் திரவம் அதில் நன்றாகப் பரவும்; அதனால் எண் உயர்ந்துகொண்டே போகும். ஆனால் அந்தத் துண்டுகளுக்கு அடியிலுள்ள ஃபிலிமோடு உறுதியான பிடிப்பு இல்லை. அவற்றைக் கரைத்துக்கொள்ளாத மை அவற்றின்மேல் உட்கார்ந்தால், டேப்பை இழுக்கும்போது மையும் அவையும் சேர்ந்தே வந்துவிடும். ஃபிலிமில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் மெழுகுபோன்ற பொருள் மேலே வந்திருக்கலாமோ என்றும் யோசித்தோம். அது தண்ணீரில் கரையாது, ஆகவே அதுவல்ல. அலசிய ஃபிலிமில் மை போட்டு டேப் இழுத்தோம். முன்னைவிட எவ்வளவோ நன்றாக நின்றது.

இன்னொரு பாடமும் அங்கே கிடைத்தது. ஒட்டுவிசைப் படத்தில் அந்தப் புடைப்புகளின்மேல்தான் ஊசி அதிகமாக ஒட்டியது. 'அப்படியென்றால் மையும் அங்கேதானே நன்றாக ஒட்டவேண்டும்?' என்று கேட்டேன். மாணவி சொன்னார்: "மை புடைப்பைப் புடிச்சுக்குது சார். புடைப்பு ஃபிலிமைப் புடிச்சுக்கலையே." அதோடு, நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஊசிக்கும் பரப்புக்கும் இடையே ஒரு தண்ணீர்ப் பாலம் உண்டாகி, அதுவே ஊசியைப் பிடித்து இழுக்கும். உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தியபின் ஒட்டுவிசை குறைந்தது. கருவி கொடுத்த எண் சரிதான். அது எந்தக் கேள்விக்கு விடை என்பதைத்தான் நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

ஆக, கோளாறு எங்கே? ரோலரில் இல்லை; ரோலரைத் துடைத்தவரிடமும் இல்லை. சக்தியைக் கூட்டச் சொன்னவன் நான். துடைத்துப் பார்த்துச் சொன்னவரைச் சிரித்துத் தள்ளியவன் நான். முக்கோணத்தைத் தூசி என்று எழுதியவனும் நான்.

இரண்டாவது அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "முதல் ரிப்போர்ட்டைப் பத்தி எழுத வேணாம்ப்பா. புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு மட்டும் போடு. மெமோவை மெதுவாப் பாத்துக்கலாம்" என்று மேலதிகாரி ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம். வேலையில் நல்ல பெயர். மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், அந்த அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதத் தெரியாமல் யாரிடமோ எழுதச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நேரே அறைக்குப் போய், அறிக்கையின் முதல் வரியாக, 'என் முந்தைய அறிக்கை தவறு; அதை நான் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதினேன். மெமோ ரத்தானது. கரோனா சக்தி பழைய அளவுக்கும் கீழே இறங்கியது. முதலில் வந்த புகாருக்குக் காரணமும் அதே கோளாறுதான், அளவு மட்டும் குறைவு என்று பிறகு தெரிந்தது.

அவரிடம் போய், "அண்ணே, தப்பு என்னோடது" என்றேன். அவர் மெமோவைப் பற்றிப் பேசவே இல்லை. "படம் எடுத்தீங்களாமே சார், காட்டுங்க" என்றார். அலசுவதற்கு முன், அலசியதற்குப் பின் என்று இரண்டு படங்களையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதத்தான் சார் நான் தொடச்சேன்" என்றார்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் சில பழக்கங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். கருவி எதுவாக இருந்தாலும் உதவும்.

முதலாவது, திருப்பிப் பாருங்கள். மாதிரியைத் திருப்பினால் படமும் திரும்பவேண்டும். பெரிதாக்கினால் உருவமும் அதற்கேற்பப் பெரிதாகவேண்டும். இடமிருந்து வலம் போன ஓட்டமும் வலமிருந்து இடம் வந்த ஓட்டமும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். இல்லையென்றால் கோளாறு கருவியில்.

இரண்டாவது, ஊசிக்கும் ஒரு பருமன் உண்டு என்பதை மறக்காதீர்கள். 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையை 10 நானோமீட்டர் முனை ஆரமுள்ள நல்ல ஊசியால் தடவினாலும், படத்தில் அதன் அகலம் சுமார் 28 நானோமீட்டராகத் தெரியும். உயரம் மட்டும் சரியாக 10 இருக்கும். உயரத்தை நம்பலாம்; அகலத்தை யோசித்து நம்பவேண்டும்.

மூன்றாவது, பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். விறைப்பு, தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. தடிப்பில் 10 சதவீதம் பிசகினால் விசையில் 33 சதவீதம் பிசகும். இதைச் சரிபார்க்க ஓர் அழகான வழி உண்டு. சட்டம் அறை வெப்பத்தினாலேயே சதா நடுங்கிக்கொண்டிருக்கும். மீட்டருக்கு 0.1 நியூட்டன் விறைப்புள்ள சட்டத்தின் நடுக்கம் சராசரியாக 0.2 நானோமீட்டர். அந்த நடுக்கத்தை அளந்தால் விறைப்பு தெரிந்துவிடும். 1993-ல் வெளியான முறை இது. இன்றும் பழக்கத்தில் இருக்கிறது.

நான்காவது, எத்தனை இடத்தில் பார்த்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஒரு படம் 5 மைக்ரானுக்கு 5 மைக்ரான். ஒரு சதுர மீட்டர் ஃபிலிமை முழுக்கப் படமெடுக்க 4,000 கோடி படங்கள் வேண்டும். படத்துக்கு ஐந்து நிமிஷம் என்றால் மூன்றே முக்கால் லட்சம் வருஷத்துக்கும் மேல் ஆகும். ஆகவே ஒரு அழகான படத்தை வைத்துக்கொண்டு ஒரு ரோலைப் பற்றியோ, ஒரு மனிதரைப் பற்றியோ தீர்ப்பு எழுதாதீர்கள். ட்ரீட் செய்யாதது, செய்தது, அலசியது என்று ஒப்பிட்டுப் பார்த்த பின்புதான் படத்துக்கு அர்த்தம் வருகிறது.

கடைசியாக ஒன்று. இருபது வருஷம் ஒரு ஃபிலிமைத் தினமும் தடவியவரின் விரலும் ஓர் அளவுகருவிதான். அவருக்கு 'ஆக்சிஜன் ஏறிய சிறு மூலக்கூறு' என்ற சொல் தெரியாது. 'பூத்த மாதிரி இருக்கு' என்று அவர் மொழியில் சொன்னார். அதை என் மொழிக்கு மாற்றிச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதற்குத்தான் இந்தக் கல்லூரி நாலு வருஷம் என்னைப் படிக்க வைத்தது.

நம் ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் நகத்தால் இழுத்துப் பார்த்து, "இன்னும் போடு" என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று அவர் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். சார், இப்போதும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

செயலாளருக்குக் கொடுத்த வாக்கை ஏறக்குறையக் காப்பாற்றிவிட்டேன். சாப்பிடப் போகலாம்.